நீர்யானைப் பாறைக்குப் பக்கத்தில் ஒரு கழிப்பறை

படிக்கட்டுக்கு வழி பார்க்க செலெஸ்டின் கொத்தனார் பிடித்துக்கொண்டு வந்த நூல் நேராகப் போய் மின்ஸாவின் கழிப்பறைக் கதவில் முட்டி நின்றது. பின்னால் வந்த பன்னிரண்டு பேரும் நின்றார்கள். செலெஸ்டின் நூலைச் சற்று இடப்பக்கம் நகர்த்திப் பார்த்தார். நீர்யானைப் பாறை. வலப்பக்கம் நகர்த்திப் பார்த்தார். அங்கே தரையே கிடையாது. பத்தடி கீழே ஹோலோவின் தகரக் கூரைதான். மறுபடியும் நடுவுக்கே கொண்டுவந்து, கதவின் கொண்டியில் நூலைச் சுற்றிவிட்டு மூக்கைச் சொறிந்துகொண்டார்.

"நூல் சொல்லுது தலைவி. நான் ஒண்ணும் சொல்லல."

மின்ஸா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கதவையே பார்த்தாள். பச்சை வர்ணம் அடித்த தகரக் கதவு. மவேனி மேட்டில் உள்ளே இருந்து தாழ் போடக்கூடிய ஒரே கழிப்பறைக் கதவு அதுதான்.

கூட்டத்தில் இருந்து ஹோலோ மெதுவாக முன்னால் வந்தாள். அவளுக்கு நாற்பது வயது. உடம்பு ஒல்லி, நாக்கு அப்படியில்லை.

"என் கோழிக்கூடு நூல்ல வந்தப்ப என்ன சொன்னே அக்கா? ஊருக்கு வழி வேணும், கோழிக்கு எங்க வேணா எடம் கெடைக்கும்னு சொன்னே. நல்ல பேச்சு. நான் அதை மறக்கவே இல்ல."

"மறக்கலேன்னு தெரியுது," என்றாள் மின்ஸா.

"அதே பேச்சை இன்னொரு தடவை கேக்கணும்னு ஆசையா இருக்கு."

மின்ஸா நிமிர்ந்தாள். "நூல்ல எது வந்தாலும் போகும். அடுத்த சனிக்கிழமை இதை இடிக்கிறோம்."

சொல்லிவிட்டாளே தவிர, அந்தக் கழிப்பறை அவளுடையது அல்ல, அவள் கணவன் லுஹெண்டேயுடையது. அவன் அப்போது ஏரிக்கரையில், ஃபெர்ரித் துறையில், வாயில் ஊதலை வைத்துக்கொண்டு லாரிகளைப் படகுக்குள் ஏற்றிக்கொண்டிருந்தான்.

மவேனி மேடு முவான்ஸா நகரத்தின் பாறை மேடுகளில் ஒன்று. கீழ்ரோட்டில் இருந்து மேலே அறுபத்திரண்டு வீடுகள், ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பாறையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு. தண்ணீர், கரி, சிமெண்டு, கல்யாணத்துக்கு வாங்கிய பீரோ, எல்லாம் தலையில்தான் ஏறும். நோயாளிகள் பிளாஸ்டிக் நாற்காலியில் இறங்குவார்கள், முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். மழைக்காலத்தில் பாதையும் ஓடையும் ஒன்றுதான். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நவம்பர் காலை, சந்தைக்குப் பொரித்த மீன் கூடையோடு இறங்கிய மின்ஸா வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். மீன்கள் ஐந்து கூரைகளின்மேல் போய் விழுந்தன. அன்றைக்கு மேட்டுப் பூனைகளுக்கெல்லாம் விருந்து. கட்டுப்போட்ட கையோடு அவள் வீடுவீடாக ஏறி இறங்கினாள். யாராவது வந்து படி கட்டித் தருவார்கள் என்று இருபது வருடம் காத்திருந்து ஆயிற்று. இனி நாமே கட்டுவோம், சனிக்கிழமை ஏழு மணிக்கு வீட்டுக்கு ஒருவர் வரவேண்டும், ஏரிக்கரையில் இருந்து ஆளுக்கு இரண்டு வாளி மணல் கொண்டுவரவேண்டும். அப்படித்தான் சங்கம் பிறந்தது. இப்போது நூற்று நாற்பத்து மூன்று படிகள் முடிந்திருந்தன. தையல்காரர் பப்பாளி மரத்தைக் கொடுத்தார். தேவாலயப் பாடகர்கள் தங்கள் சாமான் அறையின் ஒரு சுவரைக் கொடுத்தார்கள். ஹோலோ கோழிக்கூட்டைக் கொடுத்தாள், ஒரு வாரம் திட்டிக்கொண்டே.

லுஹெண்டே மட்டும் ஒரு சனிக்கிழமைகூட வந்ததில்லை. தங்கள் வீட்டுப் பங்குக்கு மின்ஸாவே மணல் சுமந்தாள். துறையில் நின்று கால் வலி என்பான். சோம்பல் என்று அவள் முடிவுகட்டியிருந்தாள்.

சாயங்காலம் அவன் வந்ததும் சோளக்களியைத் தட்டில் கவிழ்த்து, தக்காளி போட்டுக் கொதித்த மீனைப் பக்கத்தில் வைத்தாள். மீனின் தலைத் துண்டை அவனுக்கு வைத்தாள். அவன் தலைத் துண்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"என்ன ஆச்சு?"

"ஏன், ஒண்ணும் ஆகலேன்னா தலை வைக்கக் கூடாதா?"

"வெச்சதில்லையே."

மகள் கபூலா கல்யாணமாகி கெய்த்தாவுக்குப் போனபிறகு வீட்டில் பேச்சைத் திசைதிருப்ப ஆள் கிடையாது. மின்ஸா நேராகவே சொல்லிவிட்டாள். "கபூலாப்பா, நூல் நம்ம கக்கூஸ்ல வந்து நிக்குது."

அவன் ஒரு உருண்டை களியை உருட்டி, கட்டைவிரலால் குழித்து, குழம்பில் தோய்த்து வாயில் போட்டு மென்றான். விழுங்கிய பிறகுதான் பேசினான்.

"நூலை வேற பக்கம் கொண்டுபோகச் சொல்லு."

"வேற பக்கம் இல்ல. ஒரு பக்கம் நீர்யானை, ஒரு பக்கம் பள்ளம்."

"அப்ப படி அங்கயே நிக்கட்டும்."

"மேல இருபது வீடு இருக்கு."

"எனக்குக் கக்கூஸ் ஒண்ணுதான் இருக்கு."

மீன் தலையைப் பிரித்து, கண்ணை உறிஞ்சி, எலும்புகளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கிவிட்டு எழுந்து போனான். அந்த வாரம் முழுக்க வீட்டில் அவன் பேசியது மொத்தம் ஏழெட்டு வார்த்தைதான். துறையில் ஊதலாலும் கையாலும் முப்பது வருடம் காரியம் நடத்திய மனிதனுக்கு அது ஒன்றும் கஷ்டமாக இல்லை.

சனிக்கிழமை காலையில் ஏரியில் இருந்து குளிர்காற்று வீசிக்கொண்டிருந்தது. நாற்பது பேர் கடப்பாரையும் மண்வெட்டியுமாக வந்துசேர்ந்தார்கள். மின்ஸா அண்டாவில் சோளக்கூழ் வைத்து, சர்க்கரைவள்ளி அவித்திருந்தாள். ஆட்கள் நின்றபடியே குடித்துக்கொண்டிருந்தபோது கழிப்பறைக்குள் இருந்து பாட்டுச் சத்தம் வந்தது. பிறகு ஒரு குரல், நேற்றைய கால்பந்து ஆட்டத்தின் கோல்களைச் சொல்லத் தொடங்கியது.

"உள்ள ரேடியோ பாடுது," என்றார் செலெஸ்டின்.

மின்ஸா கதவை இழுத்தாள். உள்ளே தாழ் போட்டிருந்தது. "கபூலாப்பா?"

"ஆள் இருக்கு," என்றான் லுஹெண்டே உள்ளிருந்து.

"எப்ப வெளிய வருவீங்க?"

"தெரியல. வயித்தைப் பொறுத்தது."

நாற்பது பேரும் சிரித்துவிட்டார்கள். ஹோலோ கூழ்க் குவளையோடு முன்வரிசைக்கு வந்து ஒரு கல்லைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். கழுவிக் கவிழ்த்திருந்த வாளி ஒன்றைப் பக்கத்தில் இழுத்து, செலெஸ்டினையும் உட்காரச் சொன்னாள்.

"அண்ணே," என்று கூப்பிட்டாள். "சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க?"

"பிளாஸ்க்ல டீ இருக்கு. நாலு பொரிச்ச மந்தாசி இருக்கு."

"அங்க உக்காந்து மந்தாசி திங்க மனசு வருதா?"

"என் கக்கூஸ் உன் அடுப்படியைவிடச் சுத்தம் ஹோலோ."

"அது உண்மைதான்," என்றார் தையல்காரர் பின்னால் இருந்து. ஹோலோ திரும்பி முறைத்தாள்.

மின்ஸாவுக்கு முகம் கொதித்தது. ஊரில் எல்லாரையும் நகர்த்தியவள், தன் வீட்டு ஆளை நகர்த்த முடியாமல் ஒரு தகரக் கதவுக்கு முன்னால் நிற்கிறாள். செலெஸ்டினின் சம்மட்டியைப் பிடுங்கிக்கொண்டு பின்சுவருக்குப் போனாள்.

"பின்பக்கத்துச் செவுத்துல கம்பி கட்டியிருக்கேன்," என்றது உள்ளிருந்து குரல். "கை அதிரும். முறிஞ்ச கை, பாத்துக்கோ."

அவள் ஓங்கி ஒன்று போட்டாள். சம்மட்டி துள்ளித் திரும்பி வந்தது. மணிக்கட்டில் இருந்து தோள்வரை ஒரு மின்னல் ஓடியது. சுவரில் காசு அளவு காரை பெயர்ந்திருந்தது. இன்னொன்று போட்டாள். அதே இடத்தில் இன்னொரு காசு. யாரோ கைதட்டினார்கள். அவள் சம்மட்டியைப் போட்டுவிட்டு முன்பக்கம் வந்து, கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள்.

"இப்படி ஒரு செவுரு எதுக்கு வெச்சீங்க?" என்றாள், மெதுவாக.

"விழக்கூடாதுன்னு."

"கக்கூஸ்தானே."

ரேடியோ நின்றது. உள்ளே அவன் தொண்டையைச் செருமினான்.

"இந்தக் குழிக்குப் பதினாலு மாசம்," என்றான். "துறையில டூட்டி முடிஞ்சு வந்து தினம் ரெண்டு மணி நேரம். பன்னெண்டு அடி, முழுக்கப் பாறை. ஆரம்பத்துல வீடுவீடா போய்க் கேட்டேன், மூணு நாள் கை குடுங்கப்பான்னு. நினைவிருக்கா செலெஸ்டின்?"

செலெஸ்டின் கூழ்க் குவளைக்குள் பார்த்தார். "இருக்கு."

"என்ன சொன்னே?"

"நீர்யானைக்குப் பல்லு வெளக்கப் போறியான்னு கேட்டேன்."

"அந்தக் கேலி ஒரு வருஷம் ஓடுச்சு. துறையில டிரைவருங்க வரைக்கும் கேட்டானுங்க, இன்னிக்கு எந்தப் பல்லுன்னு. கபூலாம்மா, நீ என்ன சொன்னே?"

மின்ஸாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவனுக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது என்று தன் தங்கையிடம் சொன்னாள். அவன் காதில் விழும்படியாகத்தான் சொன்னாள்.

"அப்ப சங்கமும் இல்ல, சனிக்கிழமையும் இல்ல," என்றான் லுஹெண்டே. "இப்ப நாப்பது பேரு வந்திருக்கீங்க. இடிக்கறதுக்கு."

ஒருவரும் சிரிக்கவில்லை. மேலே பாறை உச்சியில் நின்றிருந்த பெருநாரை ஒன்று இறக்கையை விரித்து மடக்கிக்கொண்டது. மின்ஸா தலையைப் பின்னால் சாய்த்தாள். தகரம் சில்லென்று இருந்தது. அவன் கால்வலி என்று சொன்ன சனிக்கிழமைகள் ஒவ்வொன்றாக அவளுக்கு இப்போது வேறு மாதிரித் தெரிந்தன.

"அப்ப நாங்க செஞ்சது தப்பு," என்றாள். "நான் செஞ்சது ரொம்பத் தப்பு. ஆனா நீர்யானையை உடைக்க முடியாதே கபூலாப்பா. மேல இருக்கறவங்க என்ன பண்ணுவாங்க?"

"உடைக்க முடியாதுன்னு எவன் சொன்னது?"

செலெஸ்டின் எழுந்து நின்றார். "நான் சொன்னேன். உளி ஏறலையே."

"உளி எப்படி ஏறும்? தீ வெச்சுச் சுட்டு, சூட்டோட தண்ணி ஊத்தினா பாறை தானா வெடிக்கும். நான் பன்னெண்டு அடியும் அப்படித்தான் எறங்கினேன். நீர்யானைக்குத் தோள்ல இருந்து வயிறு வரைக்கும் ஒரு வரி ஓடுது. அதுல பண்ணினா ரெண்டாப் பிரியும். நடுவுல நாலடி வழி கெடைக்கும்."

மின்ஸா துள்ளி எழுந்து கதவைப் பார்த்துத் திரும்பினாள். "இது தெரிஞ்சுக்கிட்டா ஒரு வாரமா வாயைத் தைச்சுக்கிட்டு இருந்தீங்க?"

"யாரு கேட்டா?"

"நான் மீன் தலை வெச்சேனே."

"தலை வெச்சே. கேக்கலையே."

தாழ் விலகும் சத்தம் கேட்டது. லுஹெண்டே பிளாஸ்க்கை ஒரு கையிலும் ரேடியோவை மறு கையிலும் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். துறையில் போடும் தொப்பி தலையில் இருந்தது. கழுத்தில் ஊதல். ஆட்கள் வழிவிட்டார்கள்.

ஹோலோ மட்டும் வழிவிடவில்லை. "ஒரு நிமிஷம் அண்ணே. எனக்குன்னா கோழிக்கூடு நகரணும், தலைவி வீட்டுக்குன்னா பாறையே நகருமா?"

"நியாயமான கேள்வி," என்றான் அவன். "பாறை பிரியலேன்னா சாயங்காலம் நானே இடிக்கிறேன். கம்பி எங்க எங்க இருக்குன்னு எனக்குத்தான் தெரியும்."

விறகு வேண்டும், நிறைய வேண்டும் என்றான். அரைமணி நேரத்தில் மேடு முழுக்க வீடுகள் தங்களைத் தாங்களே சுத்தம் செய்துகொண்டன. உடைந்த ஸ்டூல்கள் வந்தன, மாங்கிளைகள் வந்தன, கரையான் தின்ற கதவு ஒன்று வந்தது. தேவாலயத்தில் இருந்து மூன்று கால் பெஞ்சு வந்தது. தையல்காரர் தன் பப்பாளி மரத்தின் அடிக்கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அது எரியாது என்று எல்லாரும் சொல்லியும் கேட்கவில்லை, அதுவும் தீக்குப் போகவேண்டும் என்றார்.

"எங்க வீட்டுல ஒரு கட்டில் சட்டம் இருந்துச்சே," என்றாள் மின்ஸா. "எங்கம்மா குடுத்தது. அதைத் தேடினேன், காணோம்."

லுஹெண்டே வரியின்மேல் விறகை அடுக்கிக்கொண்டே சொன்னான். "ஏழாவது அடியில எரிஞ்சு போச்சு."

"திருடன் கொண்டுபோயிட்டான்னு நான் மூணு நாள் அழுதேன்."

"நானும் திருடனைத் திட்டினேன்ல."

எட்டு மணிக்குத் தீ பிடித்தது. பதினொன்றுக்கு யாரும் பக்கத்தில் போகமுடியவில்லை. சிவப்புத் தலை ஓணான்கள் மேல்பாறைகளுக்கு ஓடிப்போய் எட்டிப்பார்த்தன. கீழ்க்குழாயில் இருந்து நூற்று நாற்பத்து மூன்று படிகளிலும் ஆட்கள் நின்று வாளிகளைக் கைமாற்றி ஏற்றினார்கள். லுஹெண்டே உயரமான ஒரு கல்லில் நின்று, இரண்டு கையையும் விரித்து, லாரிகளைப் படகுக்கு அழைப்பதுபோல் வாளிகளை அழைத்தான். ஒரு ஊதல் என்றால் நில். இரண்டு என்றால் வா. மின்ஸா வரிசையின் நடுவில் நின்று அவன் கையைப் பார்த்தாள். முப்பது வருடத்தில் அவள் ஒரு நாள்கூடத் துறைக்குப் போய் அவன் வேலையைப் பார்த்ததில்லை.

மதியம் ஒரு மணிக்குத் தணலை இழுத்துத் தள்ளிவிட்டு எல்லாரையும் பின்னால் போகச்சொன்னான். நீண்ட ஊதல் ஒன்று. எட்டுப் பேர் ஒரே நேரத்தில் வாளிகளைக் கவிழ்த்தார்கள். வெள்ளை ஆவி எழுந்து மேட்டையே மூடியது. உள்ளுக்குள் இருந்து, யாரோ தொலைவில் துப்பாக்கி சுட்டதுபோல் ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. ஆவி கலைந்தபோது பாறையின் தோளில் இருந்து வயிறுவரை ஒரு விரல் அகலத்துக்குப் பிளவு ஓடியிருந்தது. செலெஸ்டின் மண்டியிட்டு அதற்குள் விரலைவிட்டு, சூடு தாங்காமல் எடுத்துக்கொண்டு, மறுபடியும் விட்டார்.

ஆப்புகளை இறக்கினார்கள். கடப்பாரைகளை நுழைத்துப் பத்துப் பேர் நெம்பினார்கள். நீர்யானை இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி மேட்டோடு சாய்ந்து நின்றுகொண்டது. நடுவில் நாலடி வழி, வெட்டிய வெண்ணெய்போல். கூட்டம் கூவத் தொடங்கியது.

மற்றொரு பாதி கொஞ்சம் யோசிப்பதுபோல் நின்றது. பிறகு, ஒரு அவசரமும் இல்லாமல் திரும்பி, ஒரே ஒரு புரள் புரண்டு, கழிப்பறையின்மேல் உட்கார்ந்தது.

கம்பி கட்டிய சுவர்கள் ஒரு கணம் தாங்கின. பிறகு பச்சைக் கதவு தனியாகத் தெறித்து வந்து மின்ஸாவின் காலடியில் விழுந்தது. தூசி அடங்கும்வரை ஒருவரும் அசையவில்லை. பத்துக் கடப்பாரைக்காரர்களும் கடப்பாரைகளை மெதுவாகத் தரையில் வைத்தார்கள்.

லுஹெண்டே நடந்துபோய்ப் பார்த்தான். குழி இருந்த இடத்தில் பாறை கச்சிதமாக மூடி போட்டிருந்தது. அவன் அதைச் சுற்றி ஒருமுறை வந்தான். தொப்பியைக் கழற்றினான். பிறகு அந்தப் பாறைமேலேயே ஏறி உட்கார்ந்தான்.

ஹோலோவின் முகம் வெளுத்திருந்தது. "நான் கேட்டது இது இல்ல அண்ணே," என்றாள். "சத்தியமா இது இல்ல." ஓடிப்போய் இஞ்சி தட்டிப் போட்ட டீயும் இரண்டு அவித்த முட்டையும் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். அவன் முட்டையை உரித்தான். நாற்பது பேரும் அவன் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தான்.

"சனிக்கிழமை வேலை எத்தனை மணிக்கு?"

"ஏழு," என்றாள் மின்ஸா.

"ஆறுக்கு மாத்து. வெயில் ஏறிட்டா பாறையில நிக்க முடியாது." தையல்காரரைப் பார்த்தான். "அந்தப் பப்பாளிக் கட்டை எரிஞ்சுதா?"

"இல்ல."

"அப்ப பத்திரமா வை. அடுத்த குழிக்கு ஆகும்."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. ஆனால் லுஹெண்டேயின் தோள்கள் குலுங்கியதை மின்ஸா பார்த்தாள். அவன் சிரித்தே அவள் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். செலெஸ்டின் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒன்றும் சொல்லாமல் இரண்டாவது முட்டையில் பாதியை வாங்கிக்கொண்டார்.

புதுக் குழிக்கு வீட்டின் பின்புறத்தில் இடம் பார்த்தார்கள். சனிக்கிழமைகளில் பாதி ஆட்கள் படிக்கு, பாதி ஆட்கள் குழிக்கு. போதவில்லை என்று புதன்கிழமைச் சாயங்காலங்களிலும் வந்தார்கள். யாரும் கூப்பிடாமலே வந்தார்கள். குழி முடியும்வரை மின்ஸாவும் லுஹெண்டேயும் ஹோலோ வீட்டுக் கழிப்பறைக்குத்தான் போகவேண்டியிருந்தது. ஹோலோ தினமும் காலையில் வாசலில் கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டே நின்று, "வாங்க தலைவி, கதவுக்குத் தாழ் கெடையாது, பாடிக்கிட்டே இருங்க," என்பாள். மின்ஸா பாடினாள். வேறு வழியில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மீன் விற்கும் கூவல்தான், அதையே பாடினாள். மேட்டில் சிலர் அதைக் கேட்டு மீன் வாங்க வந்தும் விட்டார்கள்.

முதல் மழை அக்டோபர் கடைசியில் பெய்தது. அதற்குள் படிகள் நீர்யானையின் நடுவே புகுந்து மேல்வீடுகளைத் தொட்டுவிட்டன. அறுபத்திரண்டு வீட்டில் இருந்தும் ஜனங்கள் குடையோடும் குடையில்லாமலும் வந்து, காரணமே இல்லாமல் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே நடந்துபார்த்தார்கள்.

குழி பன்னிரண்டு அடியைத் தொட இன்னும் அரை அடி இருந்தபோது ஒரு புதன்கிழமை மற்றவர்கள் போய்விட்டார்கள். சூரியன் ஏரிமேல் இன்னும் ஒரு சாண் உயரத்தில் நின்றது. மின்ஸா பாவாடையை முடிந்துகொண்டு ஏணியில் காலை வைத்தாள்.

"நீ எதுக்கு எறங்குறே?" என்றான் லுஹெண்டே.

"கயிறைப் பிடிங்க."

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. சுட்ட கல் வாசனை. தலைக்குமேல் வட்டமாக வானம், அதன் ஓரத்தில் அவன் தொப்பி. அவள் பெயர்ந்த சல்லிகளை மண்வெட்டியால் அள்ளி வாளியில் போட்டாள். நாலாவது வாளி மேலே போகும்போது முதுகு முறிந்துவிடும்போல் இருந்தது. சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். தினம் இரண்டு மணி நேரம். பதினாலு மாதம். அள்ளவும் அவன்தான், ஏணி ஏறிப்போய் இழுக்கவும் அவன்தான்.

"கபூலாப்பா."

"சொல்லு."

"அந்தப் பழைய குழியில நான் ஒரு நாள்கூட எறங்கல."

"தண்ணி கொண்டுவந்து வைப்பே," என்றான்.

"அது போதாது."

"போதாதுதான்." காலி வாளி ஆடிக்கொண்டே கீழே வந்தது. "இப்ப எறங்கிட்டேல்ல. ரொம்பக் கனமாப் போடாதே, தோள்பட்டை வலிக்குது."

மின்ஸா வாளியை நிரப்பினாள். விளிம்புவரை நிரப்பி, அதன்மேல் இரண்டு கையாலும் தூக்கவேண்டிய ஒரு கல்லையும் எடுத்து வைத்து, கயிற்றை ஆட்டினாள். மேலே கயிறு விறைத்தது, நின்றது. பிறகு லுஹெண்டே அவளையும் அவள் தங்கையையும் அவள் பிறந்த ஊரையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே இழுக்கத் தொடங்கினான். வாளி ஏற ஏறக் குழி முழுக்க அவள் சிரிப்பு எதிரொலித்தது.